வேறு ப்ராசஸரில் இன்டர்பிரெட்டர் தகராறு செய்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சொந்தமாக ஒரு நிரல்மொழி வடிவமைத்து, சி-யில் அதற்கு இன்டர்பிரெட்டரும் எழுதிவிட்டீர்கள். எக்ஸ்86 கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறுகின்றன. ஆர்ம் பலகை வைத்திருப்பவருக்கும் ரிஸ்க்-ஃபைவ் வைத்திருப்பவருக்கும் அனுப்பியதும் புகார் வருகிறது: திறக்கவே இல்லை, பாதியில் விழுகிறது, விடை வேறாக வருகிறது. அந்தப் புகாரை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. உங்களுக்கு வந்த அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ‘ஆர்மில் மட்டும் வரும் பிழை’ என்று நாம் சொல்பவை பெரும்பாலும் மூலநிரலில் முதல் நாளிலிருந்தே இருப்பவைதான். எக்ஸ்86 கண்டும் காணாமல் விட்டுவிடும், மற்றவை விடாது. ஆகவே ‘ஆர்ம் என்றால் இப்படிச் செய்’ என்று ஓர் இஃப்டெஃப் (கம்பைல் செய்யும்போதே பிரியும் நிபந்தனை) போட்டு மூடிவிடாதீர்கள். அடுத்த ப்ராசஸரில் அதே பிழை வேறு முகத்தோடு வரும்.

கம்பைலரோடு வரும் பிழைபிடிக்கும் கருவிகளான அட்ரஸ் சானிடைசரையும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரையும் இயக்கி, உங்கள் சொந்தக் கணினியிலேயே சோதனைகளை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். கீழே வரப்போவதில் பல அங்கேயே பிடிபடும்.

## தொடங்கவே இல்லை

என்ன செய்தி வருகிறது என்று எழுத்துக்கு எழுத்து கேட்டு வாங்குங்கள். ‘ஓடவில்லை’ என்பது போதாது.

‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்றால் வேறு ப்ராசஸருக்கான கோப்பு போயிருக்கிறது. அந்த இயந்திரத்தில் ‘யூநேம் -எம்’ கட்டளையும், கோப்பின் மேல் ‘ஃபைல்’ கட்டளையும் ஓட்டினால் இரண்டும் ஒத்துப்போகாதது தெரிந்துவிடும். சில ஷெல்கள் இந்தச் செய்தியைக் காட்டாமல், பைனரியையே ஷெல் ஸ்கிரிப்டாக நினைத்துப் படிக்கப் பார்த்து, ‘சின்டாக்ஸ் எரர், அடைப்புக்குறி எதிர்பாராதது’ என்று ஏதோ சொல்லும். உங்கள் மொழியின் பார்சரில் பிழை என்று நினைத்து அங்கே போய்த் தேடாதீர்கள்.

‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வருகிறது, ஆனால் கோப்பு கண்முன்னே இருக்கிறதா? காணாமல் போனது உங்கள் கோப்பு அல்ல, அதை ஏற்றிவிடும் டைனமிக் லோடர். ஜிலிப்ஸி, மஸ்ல் இரண்டும் லினக்ஸின் சி நூலகங்கள். ஜிலிப்ஸியோடு டைனமிக்காக இணைத்த பைனரியை மஸ்ல் சார்ந்த லினக்ஸில் ஓட்டினால் இது பெரும்பாலும் வரும். மஸ்ல் வைத்து ஸ்டாட்டிக்காக இணைத்த பைனரி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்தது.

‘ஜிலிப்ஸி 2.34 கிடைக்கவில்லை’ என்பதும் அடிக்கடி வரும். நீங்கள் புதிய செயலையே எதையும் பயன்படுத்தாவிட்டாலும் வரும். நிரலைத் தொடங்கிவைக்கும் உள்செயலே 2.34-இல் புதிய பதிப்புக்குறி பெற்றுவிட்டது. நீங்கள் ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய லினக்ஸ் எதுவோ அதில் கட்டி அனுப்புங்கள். புதியதில் பழையது ஓடும், பழையதில் புதியது ஓடாது.

‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்றால் முதலில் மேக்ஃபைலைத் திறந்து ‘மார்ச்=நேட்டிவ்’ இருக்கிறதா பாருங்கள். அது ‘இந்தக் கணினியில் உள்ள எல்லாக் கட்டளைகளையும் பயன்படுத்து’ என்று பொருள்படும். ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லாத பழைய எக்ஸ்86 கணினியில் அந்தப் பைனரி விழும். பகிரும் பைனரிக்கு அது ஆகாது. ஆர்மிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு: டெபியனின் ஆர்ம்எச்எஃப் ஆர்ம்7-ஐ அடிப்படையாகக் கொண்டது, முதல் ராஸ்பெர்ரி பையும் பழைய பை ஸீரோவும் ஆர்ம்6. பெயர் ஒன்றுபோல இருக்கும், பைனரி ஓடாது.

## லெக்ஸர் முடிவில்லாமல் சுற்றுகிறது, அல்லது ஆங்கிலம் அல்லாத எழுத்தில் விழுகிறது

லெக்ஸர் என்பது மூலநிரலைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி. இரண்டுக்கும் ஒரே காரணம்: எழுத்துகளை வைக்கும் ‘சேர்’ என்ற வகை கழித்தல் குறி உள்ளதா இல்லாததா என்பதை சி மொழி முடிவு செய்யவில்லை. எக்ஸ்86-இல் அது குறி உள்ளது. லினக்ஸ் ஓடும் ஆர்ம், பவர்பிசி, ரிஸ்க்-ஃபைவ், எஸ்390எக்ஸ் (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்) ஆகியவற்றில் குறி இல்லாதது. ஆப்பிளின் 64-பிட் ஆர்மில் மறுபடியும் குறி உள்ளது. ஆகவே மேக்கில் ஓடுகிறது என்பது ஆர்மில் ஓடுகிறது என்பதற்குச் சான்று ஆகாது.

ஒரு பைட் படித்து அதை ‘சேர்’ மாறியில் போட்டு, கோப்பு முடிந்ததா என்று −1 உடன் ஒப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். குறி இல்லாத இடத்தில் அந்த −1 என்பது 255 ஆகிவிடும். ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது. லெக்ஸர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘அ’ என்ற எழுத்து யூடிஎஃப்-8-இல் 224, 174, 133 என்ற மூன்று பைட்கள். குறி உள்ள ‘சேர்’ அதை −32, −82, −123 என்று பார்க்கும். எழுத்து வகை அட்டவணையில் அதையே சுட்டெண்ணாகக் கொடுத்தால் அட்டவணைக்கு முன்னால் உள்ள மெமரியைப் படிக்கிறீர்கள். ‘இஸ்ஆல்ஃபா’ போன்ற செயல்களுக்கும் எதிர்ம எண் கொடுக்கக் கூடாது.

படித்த பைட்டை ‘இன்ட்’டில் வாங்குங்கள். மூலநிரல், பைட்கோடு (இன்டர்பிரெட்டர் ஓட்டும் உள்கட்டளைகள்) இரண்டின் வரிசைகளையும் குறி இல்லாத 8-பிட் வகையாக வெளிப்படையாக அறிவியுங்கள். சரிபார்க்க வேறு இயந்திரம் தேவையில்லை. ‘எஃப்-அன்சைன்ட்-சேர்’, ‘எஃப்-சைன்ட்-சேர்’ என்ற இரு கொடிகளோடும் தனித்தனியாகக் கட்டி ஓட்டினாலே போதும்.

## இங்கே எழுதிய பைட்கோடு கோப்பை அங்கே படிக்க முடியவில்லை

படிக்கும் பக்கத்தில் வருகிற எண்ணைப் பதினாறடிமானத்தில் அச்சிட்டுப் பாருங்கள். 5 என்று எழுதிய நீளம் 83886080 என்று வந்தால் பைட் வரிசை தலைகீழாகியிருக்கிறது. எண் சரி, ஆனால் அதற்கு அடுத்ததெல்லாம் குப்பை என்றால் அளவோ இடைவெளியோ மாறியிருக்கிறது.

பைட் வரிசைச் சிக்கல் இன்று அரிது. எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் மூன்றுமே நடைமுறையில் சிறு பைட்டை, அதாவது எண்ணின் குறைந்த மதிப்புள்ள பைட்டை, முதலில் வைப்பவை. எஸ்390எக்ஸ் பெரிய பைட்டை முதலில் வைக்கும். ஆனால் அளவுச் சிக்கல் அரிதே அல்ல. ‘லாங்’ 64-பிட் லினக்ஸில் 8 பைட், 64-பிட் விண்டோஸில் 4 பைட். ஒரு பைட்டும் அதையடுத்து ஒரு 8 பைட் எண்ணும் கொண்ட ஸ்ட்ரக்ட், 64-பிட் எக்ஸ்86-இல் 16 பைட், 32-பிட் எக்ஸ்86 லினக்ஸில் 12 பைட், 32-பிட் ஆர்ம் லினக்ஸில் மறுபடி 16. ஸ்ட்ரக்டை அப்படியே ‘எஃப்ரைட்’ கொண்டு கோப்பில் கொட்டுபவர்களுக்கு இது எப்படியும் வந்து சேரும்.

தீர்வு இரண்டு விதம், எதைத் தேர்கிறீர்கள் என்பது பைட்கோடை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் விதம்: கோப்பின் வடிவத்தை ஒரேயடியாக நிர்ணயிப்பது. ஜாவா இப்படித்தான், கிளாஸ் கோப்பில் எல்லா எண்களும் பெரிய பைட் முதலில் என்று விதி, எந்த இயந்திரமானாலும் சரி. நீங்கள் சிறு பைட் முதலில் என்று வைத்துக்கொள்ளலாம். முக்கியம் என்னவென்றால், பைட்களை ஷிஃப்ட் செய்து எண்ணைக் கட்டுங்கள்: முதல் பைட், இரண்டாவது பைட் 8 பிட் இடப்புறம், மூன்றாவது 16 பிட், இப்படி. ‘இந்த இயந்திரம் எந்த வரிசை’ என்ற கேள்வியே உங்கள் நிரலில் எழாது. எண்களின் அகலம் மாறும் என்றால் வெப்அசெம்பிளி பயன்படுத்தும் லெப்128 முறை வசதியானது: ஒரு பைட்டுக்கு 7 பிட் தரவு, மீதி ஒரு பிட் ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்ல.

இரண்டாவது விதம் லூவா மொழியினுடையது: பைட்கோடு கோப்பு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறலாம், ஆனால் தவறான இடத்தில் ஏற்ற விடமாட்டோம். அதன் 5.3, 5.4 பதிப்புகளின் தலைப்பகுதியில் கட்டளையின் அளவு, முழு எண்ணின் அளவு, தசம எண்ணின் அளவு எல்லாம் பைட்டாக எழுதப்படுகின்றன. அப்புறம் பதினாறடிமானத்தில் 5678 என்ற முழு எண்ணும் 370.5 என்ற தசம எண்ணும் இயந்திரத்தின் இயல்பு வடிவிலேயே வைக்கப்படுகின்றன. ஏற்றும்போது அவை அதே மதிப்பாக வராவிட்டால் வடிவம் பொருந்தவில்லை என்று உடனே நின்றுவிடும். சில வரிகளில் முடியும் வேலை, காரணம் தெரியாத ஆயிரம் விழுதல்களைத் தடுக்கும்.

என் விருப்பம்: பைட்கோடு வெறும் வேகத்துக்கான சேமிப்பு என்றால் இரண்டாவது விதம், பயனர்கள் தங்களுக்குள் பகிர்வார்கள் என்றால் முதலாவது. இரண்டிலும் பதிப்பு எண் கட்டாயம். கட்டளைப் பட்டியலின் நடுவில் ஒரு கட்டளையைச் சேர்த்துவிட்டுப் பதிப்பை உயர்த்த மறந்தால், வரும் அறிகுறி ப்ராசஸர் வேறுபாடு போலவே இருக்கும்.

## பஸ் எரர்

பைட்கோடில் ஒரு பைட் கட்டளை, அதையடுத்து 4 அல்லது 8 பைட் எண். அந்த இடத்தின் முகவரியை ‘இன்ட்’ பாயின்டராக மாற்றி நேரடியாகப் படிக்கிறீர்கள். முகவரி 4-ஆல் வகுபடாது. எக்ஸ்86 முணுமுணுக்காமல் படித்துத் தரும். ஸ்பார்க் ப்ராசஸர் உடனே பஸ் எரர் கொடுக்கும்.

32-பிட் ஆர்ம்7 இதில் கொஞ்சம் குழப்பக்காரர். சாதாரண 4 பைட் படிப்பை அனுமதிக்கும். 8 பைட்டை ஒரே மூச்சில் படிக்கும் கட்டளையை அனுமதிக்காது. எந்தக் கட்டளையைத் தேர்வது என்பது கம்பைலரின் கையில். அதனால்தான் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கட்டினால் ஓடும், ஓ2 போட்டால் விழும். ‘கம்பைலரில் பிழை’ என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம் இந்த இடத்தில்தான். இன்னும் பழைய ஆர்ம்5 வகைகளில் பிழைச்செய்தியே வராமல் பைட்கள் சுழன்ற எண் கிடைக்கலாம்.

நேரடிப் படிப்பை எடுத்துவிட்டு, ஒரு உள்மாறிக்கு ‘மெம்காப்பி’ செய்யுங்கள். மெதுவாகும் என்ற பயம் வேண்டாம். நீளம் நிலையான எண்ணாக இருந்தால் எக்ஸ்86-இலும் 64-பிட் ஆர்மிலும் கம்பைலர் அதை ஒரே கட்டளையாக்கிவிடும்.

## எண் விடை வேறாக வருகிறது

எந்தச் செயல் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். நான்கு இடங்கள்தான் பெரும்பாலும்.

பூஜ்யத்தால் முழு எண் வகுத்தல்: எக்ஸ்86-இல் நிரல் ‘ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்’ என்று விழும், வகுத்தது முழு எண்ணாகவே இருந்தாலும் செய்தி அதுதான். 64-பிட் ஆர்மின் வகுத்தல் கட்டளை சத்தமில்லாமல் 0 தரும். ரிஸ்க்-ஃபைவ் −1 தரும். அந்த வகையில் அடங்கும் மிகக் கீழான எதிர்ம எண்ணை −1-ஆல் வகுப்பதும் எக்ஸ்86-இல் அதே விதமாக விழும், மற்ற இரண்டிலும் விழாது. உங்கள் மொழியில் என்ன நடக்க வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்து, வகுக்கும் முன் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

ஷிஃப்ட்: 32-பிட் எண்ணை 32 இடம் நகர்த்தினால் எக்ஸ்86 எண்ணை அப்படியே திருப்பித் தரும், 32-பிட் ஆர்ம் பூஜ்யம் தரும். எல்லையை நீங்களே சோதியுங்கள்.

தசமத்திலிருந்து முழு எண்: எண் அல்லாத மதிப்பான நேன்-ஐ 64-பிட் முழு எண்ணாக மாற்றினால் எக்ஸ்86-இன் கட்டளை −9223372036854775808 தரும், ஆர்ம் 0 தரும், ரிஸ்க்-ஃபைவ் 9223372036854775807 தரும். மூன்று ப்ராசஸர், மூன்று விடை. பட்டியலின் சுட்டெண்ணாக இது போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாற்றுவதற்கு முன்பே எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசி தசம இலக்கம் மாறுவது கொஞ்சம் நுட்பமானது. 64-பிட் ஆர்மில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில், நடுவில் முழுமையாக்காமல் செய்ய முடியும். கம்பைலர் அதைத் தானாகவே பயன்படுத்தும். அடிப்படை எக்ஸ்86-64-இல் அந்தக் கட்டளை இல்லை. இதன் விளைவு கடைசி இலக்கத்தோடு நிற்காது: எக்ஸும் ஒய்யும் சமமாக இருக்கும்போது எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒய் வர்க்கம் என்பது பூஜ்யமாக இல்லாமல் மிகச்சிறிய எதிர்ம எண்ணாக வரலாம். அதற்கு வர்க்கமூலம் கேட்டால் நேன் கிடைக்கும். இன்டர்பிரெட்டரில் பெருக்கலும் கூட்டலும் தனித்தனிக் கட்டளைகளாக இருப்பதால் பயனரின் நிரல் பெரும்பாலும் தப்பிவிடும். சி-யில் எழுதிய கணித நூலகம்தான் மாட்டும். ‘எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ போட்டுக் கட்டுங்கள். பழைய 32-பிட் எக்ஸ்86-இல் 80-பிட் ரிஜிஸ்டர் வேறு தொல்லை; அங்கே எஸ்எஸ்இ2 கொண்டு கணக்குப் போடச் சொல்லுங்கள். சைன், பவர் போன்றவை சி நூலகத்துக்கு நூலகம் கடைசி இலக்கத்தில் மாறும், அதைச் சோதனைகளில் 17 இலக்கம் வரை ஒப்பிடாதீர்கள்.

## மதிப்பின் வகையே மாறிப்போகிறது

எண்ணாக இருந்தது திடீரென்று பொருளாகத் தெரிகிறது, அல்லது பொருளின் முகவரி கெட்டுப்போகிறது. நேன்-பாக்ஸிங் (பாயின்டர் போன்ற மதிப்புகளை நேனின் பயன்படாத பிட்களுக்குள் வைப்பது) செய்திருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்.

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் தசமமாக வகுத்தால் எக்ஸ்86 தரும் நேனில் குறி பிட் 1, ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் 0. குறி பிட்டை ‘இது பாயின்டர்’ என்ற அடையாளமாக வைத்திருந்தால், ஆர்மில் சரியாக ஓடியது எக்ஸ்86-இல் விழும். அபூர்வமாக எக்ஸ்86 தண்டிக்கும் இடம் இது. கணக்கின் விடை தன்னோடு தானே சமமில்லை என்றால் அதை ஒரே நிலையான நேன் பிட் வடிவமாக மாற்றிய பிறகே மதிப்பாக வையுங்கள். எக்ஸ்86-இல் ‘−நேன்’ என்றும் ஆர்மில் ‘நேன்’ என்றும் அச்சாகும் தொல்லையும் இதோடு போகும்.

அடுத்தது முகவரியின் நீளம். எக்ஸ்86-64 லினக்ஸில் பயனர் நிரலின் முகவரி இயல்பாக 47 பிட்டுக்குள் அடங்கும். 64-பிட் ஆர்மில் 48 பிட் வரை போகலாம். அந்த ஒரு பிட்டை அடையாளத்துக்கு எடுத்துக்கொண்டால் ஆர்மில் எப்போதாவது ஒரு பாயின்டர் கெடும். லூவாவின் வேகமான இன்னொரு வடிவமான லூவாஜிட்டே இந்த 47-பிட் எல்லையில் ஆர்மில் மாட்டிய கதை உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல் 64-பிட் ஆர்மில் ஹீப் பாயின்டர்களின் உச்சி பைட்டில் கணினியே ஓர் அடையாளம் வைக்கிறது. அதை நீங்கள் அழித்துவிட்டு ‘ஃப்ரீ’ செய்தால் பாயின்டர் அடையாளம் துண்டிக்கப்பட்டது என்று சொல்லி நிரலை நிறுத்திவிடும்.

நேர்மையாகச் சொன்னால், பல ப்ராசஸர்களுக்குப் பகிர நினைக்கும் முதல் பதிப்புக்கு நேன்-பாக்ஸிங் தேவையில்லை. வகைக்கு ஒரு புலம், மதிப்புக்கு ஒரு யூனியன் என்று சாதாரண ஸ்ட்ரக்டே போதும். மெமரி கூடுதலாகும்தான். கட்டும்போது இரண்டில் ஒன்றைத் தேரும்படி வைத்துவிட்டால், புதிய ப்ராசஸரில் பிழை வந்தவுடன் நேன்-பாக்ஸிங்கை அணைத்து ஓட்டி, குற்றவாளி அதுதானா என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

## எப்போதாவது மட்டும் விழுகிறது

குப்பை சேகரிப்பான் (பயன்படாத மெமரியை விடுவிக்கும் பகுதி) ஸ்டாக்கை மட்டும் அலசி உயிருள்ள பொருள்களைத் தேடுகிறதா? அழைப்புகளுக்கு நடுவே மதிப்பைக் காத்துவைக்கும் பொது ரிஜிஸ்டர்கள் லினக்ஸ் எக்ஸ்86-64-இல் 6, 64-பிட் ஆர்மில் அதைவிட அதிகம். ஆர்மில் ஒரு பாயின்டர் ஸ்டாக்குக்கு வராமல் ரிஜிஸ்டரிலேயே தங்கும் வாய்ப்பு கூடுதல். சேகரிப்பான் அதைப் பார்க்காமல் பொருளை விடுவித்துவிடும். ‘செட்ஜம்ப்’ அழைத்து ரிஜிஸ்டர்களைக் கொட்டுவது பழைய தந்திரம். ஆனால் ஜிலிப்ஸி அதில் சில ரிஜிஸ்டர்களை மறைகுறியாக்கித்தான் வைக்கும். உயிருள்ளவற்றை நீங்களே ஒரு தனி அடுக்கில் பதிந்துவைப்பதுதான் எங்கும் ஓடும் வழி. ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் சேகரிப்பானை ஓட்டும் சோதனை நிலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ‘எப்போதாவது’ விழுந்தது ‘எப்போதும்’ விழும்.

த்ரெட்கள் இருந்தால்: ஒரு பொருளை நிரப்பிவிட்டு அதன் பாயின்டரைப் பொது அட்டவணையில் எழுதுகிறீர்கள். எக்ஸ்86-இல் மற்ற கோர்கள் அந்த எழுத்துகளை அதே வரிசையில் பார்க்கும். ஆர்மில் அந்த உறுதி இல்லை. பாயின்டர் முதலில் தெரிந்து, உள்ளே பழைய குப்பை இருக்கலாம். ‘வோலட்டைல்’ இதற்கு மருந்தல்ல. சி11 அட்டாமிக்கில் ரிலீஸாக எழுதி அக்வயராகப் படியுங்கள். த்ரெட் சானிடைசர் இதை எக்ஸ்86-இலேயே காட்டிக்கொடுக்கும்.

ஜிட் (ஓடும்போதே இயந்திரக் கட்டளைகளை உருவாக்கும் கம்பைலர்) வைத்திருந்தால்: புதிதாக எழுதிய கட்டளைகளை ஆர்ம் தன் இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷில் தானாகப் புதுப்பிக்காது. கம்பைலர் தரும் ‘கிளியர் கேஷ்’ உள்செயலை ஒவ்வொரு முறையும் அழைக்க வேண்டும். ஆப்பிள் சிலிக்கானில் அதற்கு மேல் ‘மேப்-ஜிட்’ கொடி, எழுதுவதற்கும் ஓட்டுவதற்கும் இடையே அனுமதி மாற்றம் என்று தனிச் சடங்கு.

## சின்னச் சின்னவை

‘எம்ப்ரொடெக்ட்’ தவறான உள்ளீடு என்று திரும்பினால் 4096 என்று எங்கோ எழுதிவைத்திருக்கிறீர்கள். ஆப்பிள் சிலிக்கானிலும், ராஸ்பெர்ரி பை 5-இன் இயல்பு கெர்னலிலும் பக்க அளவு 16 கேபி. 64 கேபி வைத்த கெர்னல்களும் உண்டு. ஓடும்போது ‘சிஸ்கான்ஃப்’பிடம் கேளுங்கள்.

ஆழமான ரிகர்ஷனில் மட்டும் விழுந்தால் அது ப்ராசஸர் அல்ல, ஸ்டாக் அளவு. மஸ்லில் த்ரெட்டுக்கு இயல்பாக 128 கேபிதான். பார்சரில் ஆழ வரம்பு ஒன்று வையுங்கள்.

சி-யில் எழுதிய உள்செயல்களுக்கு ஆப்பிள் ஆர்மில் மட்டும் குப்பை மதிப்புகள் போகின்றனவா? மாறும் எண்ணிக்கையில் உள்ளீடு வாங்கும் செயலாக அறிவித்துவிட்டு நிலையான உள்ளீடுகள் கொண்ட செயலை அழைக்கிறீர்கள். ஆப்பிள் அந்த வகை உள்ளீடுகளை ஸ்டாக்கில் அனுப்புகிறது, அழைக்கப்பட்ட செயல் ரிஜிஸ்டரில் தேடுகிறது. வெப்அசெம்பிளியில் இதே பிழை செயலின் வடிவம் பொருந்தவில்லை என்று நேராகவே நிற்கும், ஒருவகையில் அது நல்லது. எல்லா உள்செயல்களுக்கும் எண்ணிக்கை, வரிசைக்கான பாயின்டர் என்று ஒரே வடிவம் கொடுங்கள்.

## க்யூஎமுவில் ஓடுகிறது, நிஜ இயந்திரத்தில் இல்லை

கையில் எஸ்390எக்ஸ் இருப்பவர்கள் குறைவு, எனவே பைட் வரிசையைச் சோதிக்க, வேறு ப்ராசஸரைப் போல நடித்துக் காட்டும் மென்பொருளான க்யூஎமுவின் பயனர் நிலை அருமையான கருவி. வகுத்தல், ஷிஃப்ட், ‘சேர்’ குறி எல்லாவற்றையும் அது உண்மையாகவே காட்டும். ஆனால் அது எக்ஸ்86-இன் மேல் ஓடும்போது மெமரி வரிசைப் பிழைகள் வெளிப்படாமல் போகலாம், ஏனென்றால் அடியில் இருப்பது அந்தப் பொறுமையான ப்ராசஸர்தான். ஒழுங்கற்ற முகவரியால் வரும் பஸ் எரரும் அப்படியே தப்பிவிடலாம். இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷ் பிழையையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். மெமரி வரிசைக்கும் கேஷுக்கும் நிஜ 64-பிட் ஆர்ம் இயந்திரம் ஒன்றும், ஒழுங்கற்ற முகவரிக்கு 32-பிட் ஆர்ம் ஒன்றும் வேண்டும். த்ரெட் சோதனைகளைப் பல கோர்கள் உள்ளதில், நீண்ட நேரம், திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.